மனுவில் எதைக் கேட்பது: மண்ணெண்ணெய் மானியமா, சோலார் பம்பா?

செம்மண்:

வணக்கம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில கமக்கார அமைப்பு ஒண்டு பிரதேச செயலகத்துக்கும் மாகாண விவசாயத் திணைக்களத்துக்கும் குடுக்க மனு ஒண்டு தயாரிக்குது. கூட்டத்தில ஆக்கள் மூண்டு பக்கமா நிக்கினம். மூத்த ஆக்கள், மண்ணெண்ணெயை 2022க்கு முந்தின விலைக்குத் தரச்சொல்லிக் கேப்பம் எண்டுகினம். இளம் ஆக்கள், சோலார் பம்ப் இலவசமாத் தந்தால் காணும், எண்ணெயும் வேண்டாம் புகையும் வேண்டாம் எண்டுகினம். மூண்டாவது பக்கம், காலநிலை எண்டது பணக்கார நாடுகளின்ர பிரச்சினை, இலங்கை விடுற புகை உலகக் கணக்கில ஆயிரத்தில ஒரு பங்குகூட இல்லை, அதுக்காக நாங்கள் ஏன் செலவழிக்கவேணும் எண்டு கேக்குது.

கணக்கோட எழுதினால்தான் மனுவை வாசிப்பினம். உதாரணத்துக்கு 10 பரப்புத் தோட்டம், வெங்காயமும் மிளகாயும். கிணத்தில ஆவணி மாதம் தண்ணி 7 மீற்றருக்குக் கீழ போகும். கறண்ட் கம்பம் 180 மீற்றர் தூரத்தில நிக்குது. உறுப்பினர்களில கனபேருக்குக் குத்தகைக் காணி. இதை வைச்சு எது சரி, எதைக் கேட்டால் பிறகு எங்களுக்கே வினையா வரும் எண்டு விளக்கமாச் சொல்லுங்கோ.

---

இறைப்பு:

முதலில் தண்ணீர்க் கணக்கு. அது இல்லாமல் எண்ணெய்க் கணக்கும் வராது, கறண்ட் கணக்கும் வராது.

பங்குனி தொடக்கம் ஆவணி வரையான வெயிலில் பயிருக்கும் மண்ணுக்குமாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் நீர் போகும். ஒரு பரப்பு 253 சதுர மீற்றர். எனவே பரப்புக்கு நாளுக்கு 1,500 லீற்றர், 10 பரப்புக்கு 15,000 லீற்றர். வாய்க்கால் வழியாகப் பாத்திக்குப் பாய்ச்சும்போது மண்ணுக்குள் இறங்கியும் ஓரங்களில் கசிந்தும் நூற்றுக்கு நாற்பது போய்விடும். ஆகவே கிணற்றிலிருந்து எடுக்கவேண்டியது 25,000 லீற்றர், அதாவது 25 கன மீற்றர். மூன்று நாளைக்கு ஒருமுறை இறைத்தாலும் சராசரி இதுதான்.

இரண்டு இஞ்சி மண்ணெண்ணெய் இறைப்பு மெசின் இந்த ஆழத்தில் மணிக்கு 15 கன மீற்றர் தந்தால் நல்ல மெசின். எண்ணெய் மணிக்கு ஒரு லீற்றர் அளவில் போகும். பிளக்கில் கரி பிடித்தால், வால்வு சரியாக மூடாவிட்டால் இன்னும் கூடும். நாளுக்கு 2 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 150 இறைப்பு நாள் என்றால் 300 லீற்றர்.

இப்போது விலை. 2022 ஆகஸ்ட் 22 அன்று மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. ஆண்டுச் செலவு 26,100 ரூபாவிலிருந்து 1,02,000 ரூபாவாகப் பாய்ந்த கணக்கு அது. பயிர் நிலத்தில் நிற்கும்போது அப்படி ஏற்றினால் கமக்காரனுக்கு வேறு வழியே இல்லை, கடன்பட்டாவது இறைக்கத்தான் வேண்டும். அந்த அடி நியாயமற்றது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிறகு விலை இறங்கியது. இந்தக் கணக்குக்கு 180 ரூபா என்று போட்டால் ஆண்டுக்கு 54,000 ரூபா.

பழைய 87 ரூபாவுக்கே தாருங்கள் என்று கேட்பதன் பொருள், லீற்றருக்கு 93 ரூபா, ஆண்டுக்கு 27,900 ரூபா ஒரு தோட்டத்துக்கு அரசு கொடுக்கவேண்டும் என்பது. ஐந்து ஆண்டில் 1,39,500 ரூபா. அவ்வளவு காசும் எண்ணெயாக எரிந்துபோகும், ஆறாம் ஆண்டு தோட்டத்தில் அதே பழைய மெசின்தான் நிற்கும். மனுவின் நடுக் கணக்காக இதையே வைக்கலாம்: அதே காசை முதலீடாகத் தா.

லீற்றர் மானியத்தில் இன்னொரு ஓட்டை. யார் கூட எரிக்கிறாரோ அவருக்குத்தான் கூடக் கிடைக்கும். இரண்டு பரப்பில் கீரை போடுகிறவருக்குச் சில்லறை, நாற்பது பரப்புக்காரருக்கு நோட்டு. டீசலோடு விலை வித்தியாசம் பெரிதாக இருந்த காலத்தில் மண்ணெண்ணெய் டீசல் வாகனங்களுக்குள் கலந்து போனதும் தெரிந்ததே. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் தொடங்கிய திட்டத்தில் எரிபொருளை அடக்க விலைக்கே விற்பதாக அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. பொது விலையைக் குறைக்கச் சொன்னால் அந்த ஒரு வரியைக் காட்டியே மனுவைத் திருப்பி அனுப்புவார்கள்.

மூன்றாம் பக்கத்தாருக்கு: 300 லீற்றர் எரித்தால் 750 கிலோ காபனீரொட்சைட்டு. உலகத்துக்கு அது ஒன்றுமில்லைத்தான், அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறக்குறைய 10 யூனிற் (ஒரு யூனிற் 1,000 வாற்மணி) வெப்பம் இருக்கிறது. அதில் அரை யூனிற்கூடத் தண்ணீரை மேலே தூக்கப் போவதில்லை. மிச்சம் முழுக்கப் புகைக்குழாயிலும் இஞ்சின் சூட்டிலும் போகிறது. புகையை மறந்துவிட்டு அந்த நட்டத்துக்காகவே மாறலாம்.

---

மின்கம்பி:

இறைப்பு போட்ட 25 கன மீற்றரையே எடுக்கிறேன். ஒரு கன மீற்றர் நீரை 10 மீற்றர் தூக்க 27 வாற்மணி வேண்டும். கிணற்று ஆழம் 7 மீற்றர், மேலே குழாயும் உராய்வும் சேர்த்து 10 என்று பிடித்தால் 0.68 யூனிற். பம்பும் மோட்டரும் சேர்ந்து நூற்றுக்கு 40 திறன் என்றால் மீற்றரில் விழுவது 1.7 யூனிற். யூனிற் 40 ரூபா என்று போட்டாலும் 68 ரூபாதான். மண்ணெண்ணெய் 360 ரூபா. ஆகவே சோலாருக்குப் போகமுதல் கறண்ட் இணைப்பை யோசியுங்கள், கூட்டத்தில் இதை ஒருவரும் கேட்கவில்லைப் போலிருக்கிறது.

180 மீற்றர் தூரம்தான் சிக்கல். கனபேர் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை இழுத்துவிட்டு மோட்டர் எரிகிறது என்பார்கள். காரணம் இது: போகவரச் சேர்த்து அந்த வயரின் தடை 2.7 ஓம் அளவில் வரும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 5.5 அம்பியர், இழப்பு 15 வோல்ற், அது பரவாயில்லை. ஆனால் தொடங்கும்போது 30 அம்பியர் இழுக்கும். அப்போது 80 வோல்ற் விழும். 230 இல் 150 மிஞ்சினால் மோட்டரின் தொடக்க வலு பாதிக்கும் கீழே போகும். சுத்தாமல் முனகிக்கொண்டு நிற்கும், கப்பாசிற்றரும் சுருளும் கருகும். 6 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் தொடக்க இழப்பு 33 வோல்ற்தான். வயருக்குக் காசு கூடத்தான், ஆனால் மோட்டர் தப்பும். மண்ணுக்குள் புதைக்கிற கேபிள் போடுங்கள், மண்வெட்டி படாத ஆழத்தில். வேலிக் கதியாலில் கட்டி இழுக்கவே வேண்டாம். நிலக்கசிவு துண்டிப்பான் (கறண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் ட்ரிப் சுவிச்) 30 மில்லிஅம்பியர் கட்டாயம், ஈரத் தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்கிறோம்.

சோலார் பம்பு. 550 வாற் பனல் இரண்டைத் தொடராக இணைத்தால் 1.1 கிலோவாற். நம்முடைய வெயிலுக்கு நாளுக்கு 4 யூனிற் எதிர்பார்க்கலாம். தேவை 1.7. ஆகவே இரண்டு பனலே இந்தத் தோட்டத்துக்குத் தாராளம். நாலு பனல், ஆறு பனல் என்று விலைப்பட்டியல் கொண்டுவந்தால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். பனலைத் தெற்குப் பார்த்து 10 பாகைச் சரிவில் வைக்கவேண்டும். வழமையாகப் பிழைப்பது பனை நிழல். ஒரு பனையின் நிழல் ஒரு பனலின் மூலையில் விழுந்தால் தொடராக இணைத்த மற்றதும் சேர்ந்து படுத்துவிடும். பங்குனியில் இடம் பார்த்துவிட்டு வைத்தால் மார்கழியில் சூரியன் தெற்கே சரியும்போது நிழல் விழும். ஆனால் அந்த மாதம் மழை, இறைப்பு இல்லை, அதனால் பெரிய நட்டமில்லை. காலை எட்டரைக்கும் மாலை நாலுக்கும் விழுகிற நிழலைத்தான் பார்க்கவேண்டும்.

செம்மண் புழுதியைக் கிணற்று நீரால் கழுவினால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்துவிடும், பிறகு சுரண்டி எடுக்கவேண்டி வரும். மழைநீர் சேர்த்து வைத்து விடியப்புறம் துடையுங்கள். கரையோரம் என்றால் இரும்பு ஆணி ஒன்றும் வேண்டாம், துருப்பிடிக்காத உருக்கு ஆணியும் அலுமினியச் சட்டமும்.

நீரில் மூழ்கும் பம்பு எடுங்கள். மேலே வைக்கும் பம்பு 7 மீற்றருக்குக் கீழே இழுக்காது, எந்த விலைக்கு வாங்கினாலும். அதற்காகத்தான் ஆவணியில் மெசினைக் கிணற்றுக்குள் தட்டுக் கட்டி இறக்குகிறார்கள். இஞ்சின் புகையின் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, கிணற்றுக்குள் தங்கி நிற்கும், இறங்குகிறவர் சத்தமில்லாமல் மயங்கி விழுவார். மனுவில் இந்தக் காரணத்தை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். உயிர்க் காரணம் அது.

---

நன்னீர்வில்லை:

மேலே இரண்டு கணக்கும் சரி. ஆனால் இரண்டிலும் கிணறு வெறும் தொட்டியாகத்தான் வருகிறது.

1.1 கிலோவாற் பம்பு வெயில் நாளில் 50 கன மீற்றருக்கு மேல் தூக்கும். தேவை 25. மண்ணெண்ணெய் மெசினை நிறுத்த ஒரு காரணம் இருந்தது, ஒவ்வொரு மணித்தியாலமும் காசு எரிந்தது. சோலார் பம்பை நிறுத்த ஒரு காரணமும் இல்லை. காலையில் தொடங்கிப் பொழுதுபட மட்டும் தானாக ஓடும். ஊரில் 200 கிணற்றில் இப்படி ஓடினால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்கவேண்டும்.

குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்குத்தான் ஓடும். நமக்கு இருப்பது சுண்ணக்கல்லுக்குள் மழை ஊறி, கீழே கடல்நீரின் மேல் மிதக்கிற நன்னீர் வில்லை, அதாவது நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த நீர்ப் படை. உவர்நீர் கொஞ்சம் பாரம் கூடியது, அதனால் நன்னீர் மேலே நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது பாட விதி. திருப்பிப் பாருங்கள்: இறைத்து நீர்மட்டத்தை 10 சதமமீற்றர் குறைத்தால், காலப்போக்கில் உவர் 4 மீற்றர் மேலே வரும். நம்முடைய கல் வெடிப்பும் குகையுமாக இருப்பதால் இது ஒழுங்காக நடக்காது, ஒரு கிணறு உவர்க்கும், பக்கத்துக் கிணறு தப்பும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதே அமைப்புத்தான் உங்கள் கிணற்றின் கீழும்.

வெங்காயம் உப்புக்கு மிக மெல்லிய பயிர். நீரின் மின்கடத்துதிறன் (உப்புக் கூடினால் இதுவும் கூடும்) மீற்றருக்கு 0.8 டெசிசீமன்ஸ் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய்க்கு 1.0. பீற்றூட் 2.7 வரை தாங்கும். கடத்துதிறன் மீற்றர் சிறிய சாமான், அமைப்புக்கு ஒன்று வாங்கினால் போதும். மாசி, சித்திரை, ஆவணி, ஐப்பசி என ஆண்டுக்கு நாலுமுறை எல்லாக் கிணற்றையும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். இறைக்கமுதல் ஒருமுறை, ஒரு மணித்தியாலம் இறைத்தபின் ஒருமுறை. இரண்டாவது அளவு கூடிக்கொண்டு போனால் கீழிருந்து உவர் ஏறுகிறது. அந்தக் கிணற்றில் ஒரே மூச்சாக இறைக்கக்கூடாது, காலை ஒரு மணி, பின்னேரம் ஒரு மணி என்று பிரியுங்கள்.

சோலார் பம்போடு வரும் நீர்மட்ட உணரியைக் கடைக்காரர் பம்பின் தலைக்கு மேலே கட்டிவிட்டுப் போவார், பம்பு காயாமல் இருப்பதற்கு. அதைக் கழற்றி, கிணற்றின் வழமையான ஆவணி நீர்மட்டத்துக்கு அரை மீற்றர் கீழே கட்டுங்கள். நீர் அதுக்குக் கீழே போனால் பம்பு தானாக நிற்கும். கூடுதல் செலவு இல்லை.

கூட இறைத்தால் உப்பு மட்டுமல்ல, யூரியாவும் கழுவுப்பட்டு அதே கிணற்றுக்குள் இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது எல்லை, வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டுகின்றன. அந்த நீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று இன்னும் செறியும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது.

இலவச மின்சாரம் என்ன செய்யும் என்பதற்குப் பஞ்சாப் கண்முன் இருக்கிறது. 1997 முதல் விவசாயப் பம்புக்கு இலவசம், நீர்மட்டம் ஆண்டுக்காண்டு கீழே போகிறது, 2002 இல் ஒருமுறை நிறுத்திப் பார்த்தும் 2005 இல் திரும்பக் கொடுக்கவேண்டி வந்தது. எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம் குஜராத்தின் துண்டி கிராமம். 2016 இல் ஆறு கமக்காரர் கூட்டுறவாகச் சேர்ந்து சோலார் பம்பைப் பொது மின்வலையோடு இணைத்தார்கள். இறைக்காத மின்சாரத்தை விற்றார்கள். தேவைக்கு மேல் இறைத்தால் விற்கிற காசு குறையும். அப்படித்தான் தண்ணீருக்கு ஒரு விலை வந்தது, யாரும் தடைபோடாமலே.

---

பெரும்போகம்:

எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறியள். ஆனால் கூட்டத்தில இதைச் சொல்லேக்க கமக்காரர் முகம் ஏன் சுருங்குது எண்டதையும் யோசியுங்கோ. 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானியில ஒரு அறிவித்தல், இரசாயன உரம் இறக்க ஏலாது. இயற்கைக்கும் உடம்புக்கும் நல்லது எண்டு சொல்லிச்சினம். டொலர் தட்டுப்பாடும் அதுக்குள்ள இருந்தது. நவம்பர் 24 அண்டு திருப்பி எடுத்தாச்சு, அதுக்குள்ள பெரும்போகத்துக்கு உரமில்லாமல் நெல் படுத்திட்டுது. விளைச்சல் விழுந்த நட்டத்தில பெரும்பங்கு தோட்டக்காரற்ற தலையிலையும் வயல்காரற்ற தலையிலையும்தான். அதுக்குப் பிறகு ‘பசுமை’ எண்ட சொல்லைக் கேட்டாலே ஆக்கள் பின்வாங்கினால் அது அறியாமை இல்லை.

வேற இடத்திலையும் இதே வழிதான். பிரான்சில 2018 இல டீசல் வரி கூட்டப் போக மஞ்சள் அங்கி போட்ட போராட்டக்காரர் தெருவுக்கு வந்தினம், டிசம்பரில அரசு அந்த வரிக் கூட்டலை நிப்பாட்டினது. கனடாவில 2019 தொடக்கம் காபன் வரி (எரிபொருளின்ர புகைக்குப் போடுற வரி) எடுத்த காசில பெரும்பங்கைக் குடும்பங்களுக்கே திருப்பிக் குடுத்தவை, கன குடும்பங்களுக்குக் கட்டினதை விடக் கூடத்தான் வந்தது. அப்பிடியிருந்தும் 2025 ஏப்ரலில பொதுமக்களின்ர வரியை எடுத்தாச்சு. எண்ணெய் அடிக்கேக்க விலை கண்ணுக்குத் தெரியும், வங்கிக்கணக்கில விழுற காசு கண்ணுக்குத் தெரியாது.

அதால மனுவில ஒரு வரி கட்டாயம் போடுங்கோ: புதுப் பம்ப் கையில வந்து ஒரு போகம் ஓடினாப் பிறகுதான் பழைய உதவி எதையும் குறைக்கலாம். அதுக்கு முந்தி ஒண்டையும் தொடக்கூடாது. உரத்தில பிழைச்சது வரிசைதான். முதல் தடை, பிறகு மாற்று எண்டு போனவை.

காசு விசயத்தில இன்னொண்டு. சோலார் செற் 3 இலட்சம் எண்டு விலைப்பட்டியல் வந்தால், 12 வீத வட்டிக்கு முதல் ஆண்டு வட்டி மட்டும் 36,000 ரூபா. மிச்சம் பிடிக்கிற எண்ணெய்க் காசு 54,000. கடன் முதலையும் சேத்துக் கட்டினால் ஒன்பது வருசத்துக்கு மேல போகும். வெங்காயம் ஒரு போகம் விலைபோகாட்டி தவணை நிண்டிடும். கடனில எடுக்கச் சொல்லி ஆரும் வந்தால் உதைப் போட்டுக் காட்டுங்கோ.

---

செம்மண்:

எல்லாருக்கும் நன்றி. மின்கம்பி அண்ணை, துண்டியில செய்தமாதிரி இஞ்ச விற்க ஏலுமா? குத்தகைக் காணிக்காரர் என்ன செய்யிறது?

---

மின்கம்பி:

விற்பது பற்றி. கூரைச் சூரிய மின்சாரத்துக்கு 2022 இல் யூனிற் 37 ரூபா கொடுத்தார்கள், 2024 இல் 27, 2025 இல் புதிதாக இணைகிறவர்களுக்கு 5 கிலோவாற் வரை 20.90. இறங்குமுகம். உங்கள் இரண்டு பனலில் இறைப்புப் போக ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 யூனிற் மிஞ்சும். 20.90 படி 25,000 ரூபா. மண்ணெண்ணெய் மானியமாகக் கேட்கிற 27,900க்குக் கிட்ட வருகிறது, திறைசேரியிடம் கையேந்தாமல்.

மூன்று தடை இருக்கிறது. திட்டம் கூரைக்கானது, ஆகவே தோட்டத்துப் பம்புக் கொட்டிலின் கூரையும் அதில் அடங்கும் என்று எழுத்தில் கேட்கவேண்டும். இரண்டாவது, அந்தப் பகுதி ட்ரான்ஸ்போமர் தாங்கவேண்டும். ஏற்கெனவே வீடுகளில் சோலார் நிறைந்திருந்தால் பகலில் வோல்ற்றளவு ஏறி எல்லோருடைய இன்வேர்ட்டரும் (பனல் மின்சாரத்தைக் கம்பி மின்சாரமாக மாற்றும் பெட்டி) மாறிமாறி நிற்கும். விண்ணப்பிக்கமுதல் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் ட்ரான்ஸ்போமரில் எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்று கேளுங்கள். மூன்றாவது, மின்வலையோடு இணைத்த இன்வேர்ட்டர் கறண்ட் நின்றால் தானும் நிற்கும், கம்பியில் வேலைசெய்கிறவரின் பாதுகாப்புக்காக. வெயில் எறிக்கும்போது பம்பு ஓடாமல் நிற்பதைப் பார்த்துப் பழுது என்று எண்ணவேண்டாம்.

வாங்குகிறவருக்கும் பகல் மின்சாரம் எப்போதும் வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், நுகர்வு குறைந்ததால், கூரைச் சோலார்களைப் பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. இதையே உங்கள் பக்கத்துக்குத் திருப்பலாம். பகலில் மிஞ்சுகிற மின்சாரத்தை எடுக்க ஆள் தேடுகிறார்கள், பம்பு அப்படிப்பட்ட ஆள். கம்பம் கிட்ட இருக்கிற தோட்டங்களுக்கு பகல் 10 முதல் 2 வரை குறைந்த இறைப்புக் கட்டணம் கேளுங்கள். நடுவெயிலில் பாத்திக்கு நேரே பாய்ச்சுவது பயிருக்கு நல்லதல்ல, தொட்டி வேண்டும். 10 பரப்புக்கு ஒரு நாள் நீர் என்றால் 5 மீற்றர் நீளம், 5 அகலம், 1 ஆழம். தொட்டிக்கும் மானியம் சேர்த்துக் கேட்டால்தான் இந்தக் கட்டணம் பயன்படும்.

குத்தகைக்காரருக்கு நிலையாக ஊன்றும் சட்டம் சரிவராது. இரண்டு பனலும் கட்டுப்படுத்தியும் பூட்டிய, கையால் தள்ளும் வண்டி. பனல் ஒன்று 28 கிலோ அளவில் இருக்கும், இரண்டு பேர் சேர்ந்து வீட்டு முற்றத்துக்கு இழுக்கலாம், களவுக்கும் அதுவே காவல். காற்றுக் கூடினால் வண்டியை நாலு மூலையிலும் கட்டவேண்டும், பனல் பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும். மானியம் காணி உறுதிக்கு அல்ல, கமநல சேவை நிலையப் பதிவில் பயிர் செய்கிறவராக இருக்கிறவரின் பெயருக்கு என்று எழுதுங்கள். இல்லையென்றால் பம்பு காணிச் சொந்தக்காரருக்குப் போகும், இறைக்கிறவர் எண்ணெய் மெசினோடு நிற்பார்.

---

நன்னீர்வில்லை:

ஒரு சேர்க்கை. பம்பு மானியத்தோடு நீர்மட்ட உணரியின் உயரத்தையும் கடத்துதிறன் கொப்பியையும் நிபந்தனையாக நீங்களே எழுதிக்கொடுங்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து கிணற்றுக்குப் பூட்டுப் போடுவதைவிட அமைப்பே அளந்து வைத்திருப்பது எவ்வளவோ மேல். மனுவோடு இணைக்க ஓர் அளவீடாவது வேண்டும். ஐப்பசி மழை விழுந்தால் கடத்துதிறன் இறங்கிவிடும், ஆவணி முடியமுதல் முதல் சுற்றை எடுத்துவிடுங்கள். கிணற்றுக் கட்டில் ஒரு இடத்தில் பெயின்ற் குறி போட்டு, எப்போதும் அந்தக் குறியிலிருந்தே நீர்மட்டத்தை அளக்கவேண்டும்.